துண்டுக்குக் கிடைத்த மரியாதை

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் திரும்பும்போதே ஜன்னல்களில் துண்டு விழ ஆரம்பித்துவிடும். வண்டி இன்னும் நின்றிருக்காது. ஒருவர் கூடவே ஓடி, எக்கி, கம்பிகளுக்கு நடுவில் கையை நுழைத்து, தோளில் கிடக்கும் துண்டை உருவி இருக்கையில் போடுவார். அடுத்த ஜன்னலில் ஒரு கைக்குட்டை. அதற்கடுத்ததில் மதியச் சாப்பாட்டுப் பை. கல்லூரிக்குப் போகிற பையனாக இருந்தால் ஒரு நோட்டு. வண்டி நின்று டிரைவர் இறங்குவதற்குள் பாதி இருக்கைகள் நிறைந்திருக்கும். உள்ளே ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

இந்தக் கைவேகத்தை மனதாரப் பாராட்டுகிறேன். அதைவிட, அந்தத் துண்டுக்குப் பின்னால் இருக்கும் நாணயத்தைப் பாராட்டுகிறேன். துண்டு போட்டவர் கூட்டத்தில் இடிபட்டுப் படியேறி அந்த இருக்கைக்கு வந்துசேர நாலைந்து நிமிடம் ஆகும். அதுவரை அந்த இடம் அப்படியே கிடக்கும். நிற்கக்கூட இடமில்லாமல் நெருக்கியடிக்கிற கூட்டத்திலும் யாரும் துண்டை எடுக்க மாட்டார்கள், நகர்த்த மாட்டார்கள். பத்திரம் பதிந்த நிலத்துக்குக்கூட வில்லங்கம் வருகிறது. துண்டு போட்ட இடத்துக்கு வருவதில்லை.

சிங்கப்பூரில் 14 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய முதல் மாதம், அந்த பஸ்ஸில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நிறைமாதம். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்த மஞ்சள் பை. எப்படியோ முன்படியில் முதல் ஆளாக ஏறிவிட்டார். முதல் இருக்கையில் நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டு. இரண்டாவதில் கைக்குட்டை. மூன்றாவதில் ஒரு பை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தவர், வண்டியின் நடுவில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவர் உட்காரவில்லை. ‘உட்காரும்மா’ என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. துண்டுக்காரர் வந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும், ஏறத்தாழ 12 கிலோமீட்டர், அந்தப் பெண் நின்றுகொண்டே வந்தார்.

அன்றைக்கு அந்த பஸ்ஸில் மரியாதை இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது. ஒரு துண்டுக்கு இருந்தது.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டு நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். அங்கிருந்த ஆயுதங்களின் அலங்காரத்தையும் பளபளப்பையும் ஔவையார் புகழ்கிறார். அதியமானின் வேல்களோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகச் சொல்கிறார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அந்த ஆயுதங்கள் அழகாகத்தான் இருந்தன. அந்த உண்மைதான் தொண்டைமானைச் சுட்டிருக்கும். வஞ்சப்புகழ்ச்சி என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். கேலி செய்கிறவன் இல்லாத சிறப்பை இருப்பதாகச் சொல்வான். ஔவையார் இருந்த சிறப்பையே சொன்னார். அது எங்கே உதவாமல் கிடக்கிறது என்பதைக் கேட்டவன் தானே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

எங்கள் ஊர்களைப் பற்றி நான் சொல்லப்போகிற புகழும் அத்தனையும் உண்மை. நான் பிறந்தது ராஜபாளையம். பெண் எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டையும் விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு வாய் வராது.

முதலில் பொறுமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. கிண்டுகிறவரின் பொறுமைதான் இந்த ஊரின் சரக்கு. விறகடுப்பில் சட்டியை ஏற்றி, பால் கொதித்து, சுண்டி, இறுகி வரும்வரை கரண்டி நிற்கக் கூடாது. கொஞ்சம் கை ஓய்ந்தாலும் அடிப்பிடித்துவிடும். அடிப்பிடித்த வாசனை சட்டி முழுக்க ஏறிவிடும். முகத்தில் அனல் அடிக்க, வழிகிற வியர்வையைத் தோளிலேயே துடைத்துக்கொண்டு, நாள் முழுக்கச் சட்டி சட்டியாகக் கிண்டுகிற மனிதர்களை என் மாமனார் வீட்டுத் தெருவில் பார்த்திருக்கிறேன். ஆண்டாள் கையில் இருக்கிற கிளியும் அப்படித்தான். மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் வைத்து ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்கிறார்கள். நாளைக்கு வாடிவிடும் என்று தெரிந்தும் இன்றைக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து முடைகிற கைகள் அவை.

இந்தப் பொறுமையை நான் ரயில்வே கேட்டில் தேடுகிறேன். விருதுநகர்–தென்காசி பாதையில் கேட் அடைத்ததும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் வருகிற நாலு வண்டி இடது பக்கம் ஒழுங்காக நிற்கும். ஐந்தாவது மோட்டார் சைக்கிள் வலது பக்கம் ஏறி முன்னால் வரும். அதன் பின்னால் ஆட்டோ, அதன் பின்னால் கார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதை. ரயில் போய்க் கேட் ஏறும்போது, சாலையின் முழு அகலத்துக்கும் இங்கே ஒரு படை, அங்கே ஒரு படை, நேருக்கு நேர் நிற்கும். ஒருநாள் கைபேசியில் நேரம் பார்த்தேன். கேட் அடைத்திருந்தது 7 நிமிடம். திறந்த பிறகு நான் தண்டவாளத்தைத் தாண்ட ஆனது 11 நிமிடம். எங்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டே இருந்தது. வழிவிட எல்லோருக்கும் மனம் இருந்தது. ஒதுங்கத்தான் இடம் இல்லை. அந்த இடத்தை ஏழு நிமிடத்துக்கு முன்னாலேயே நாங்கள் அடைத்துவிட்டோம்.

அடுத்தது ஒற்றுமை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் நகர்வதைப் பார்க்காதவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் ஒரே வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு முன்னால் நிற்பவர் எந்த ஊர், எந்தச் சாதி, என்ன சம்பளம் என்று எனக்குத் தெரியாது. அவர் மூச்சும் என் மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கும். ‘கோவிந்தா’ என்று குரல் எழும்போது எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். நிறுத்தச் சொன்னால் அத்தனை பேரும் நிற்பார்கள். ரத வீதியின் முக்கில் தேரைத் திருப்பும்போது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் காட்டுகிற கைச்சைகைதான் சட்டம். முந்தி இழுக்கிறவன் யாருமில்லை. முந்தினால் சக்கரத்தின் அடியில் ஓர் உயிர் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொது இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று உலகத்துக்கே பாடம் எடுக்கலாம், அப்படி ஒரு ஒழுங்கு.

மறுநாள் காலையில் அதே கைகள் பஸ் கம்பியைப் பிடிக்கின்றன. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே படியில் மோதுகிறார்கள். ‘இறங்க விட்டு ஏறுங்கப்பா’ என்று கண்டக்டர் தொண்டை வறளக் கத்துகிறார். முட்டிவலிக்காரப் பெரியவர் ஒருவர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைக் காற்றிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார். கீழே இருப்பவர்களுக்கு அவர் ஒரு மனிதர் இல்லை, அடைபட்ட வழி. முந்தின நாள் வடத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர் அவராகவே இருக்கலாம்.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிங்கப்பூரில் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். அங்கே ரயில் நடைமேடையில், கதவு திறக்கும் இடத்துக்கு எதிரே அம்புக்குறி போட்டிருக்கும். இறங்குகிறவர்களுக்கு நடுவில் வழி. ஏறுகிறவர்கள் இரண்டு ஓரத்திலும் நிற்க வேண்டும். விருதுநகரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்திறங்குகிற பையனுக்கு இதை யாரும் வகுப்பு எடுப்பதில்லை. முதல் நாளே கற்றுக்கொள்வான். இரண்டாம் நாள் அவனுக்குப் பின்னால் வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். எச்சில் துப்ப மாட்டான். குப்பைத் தொட்டி கிடைக்கும்வரை மிட்டாய்த் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பான். இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஊர் திரும்பும்போது, மதுரையில் விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதும் அதே பையன் எழுந்து நின்று, பக்கத்தில் இருப்பவர் தலைக்கு மேலாகப் பெட்டியை இழுப்பான். அந்த ஒரு நொடியில் அவன் எதையும் மறந்துவிடவில்லை. இனி இதெல்லாம் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

சிங்கப்பூர்க்காரர்களும் பிறக்கும்போதே வரிசையில் நின்று பிறந்தவர்கள் இல்லை. 1979-இல் அந்த அரசாங்கம் மக்களுக்கு மரியாதை பழக்குவதற்கென்றே நாடு முழுக்க ஓர் இயக்கம் தொடங்கியது. 1982-இல் சிங்கா என்ற சிங்கக்குட்டியை அதற்குச் சின்னமாக வைத்தார்கள். இன்னொரு பக்கம் அபராதம். இவ்வளவுக்குப் பிறகும், உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்துவைக்க வேண்டும் என்பதை 2021-இல் சட்டத்தைக் காட்டித்தான் நடத்த வேண்டியிருந்தது. நம் துண்டுக்கும் அங்கே ஓர் உறவுக்காரர் உண்டு. மத்தியானக் கூட்டத்தில் மேசை மேல் ஒரு சின்னக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போய்விடுவார்கள். கையில் சுடச்சுடத் தட்டோடு நிற்கிறவர் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு விலகிப் போவார்.

அந்த நாட்டின் மரியாதையையும் நான் புகழத்தான் வேண்டும். 14 வருடத்தில் ரயிலில் யாரும் என்னை இடித்ததில்லை, திட்டியதில்லை, முறைத்ததில்லை. அவ்வளவு ஒழுங்கு. வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு நான் உட்கார்ந்தால் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள், அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள். அதையும் சத்தமில்லாமல், முகம் சுளிக்காமல், கைபேசியைப் பார்த்தபடியே செய்வார்கள். எங்கள் அப்பா இறந்த செய்தி எனக்கு வந்ததும் ரயிலில்தான். வாயைப் பொத்திக்கொண்டு எட்டு நிறுத்தம் அழுதேன். எதிரே இருந்த ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்தவர் துக்கத்தில் தலையிடாமல் இருப்பது அவர்கள் வழக்கத்தில் மரியாதை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு யாராவது ஒருவர் ‘என்னப்பா ஆச்சு?’ என்று கேட்டிருந்தால், நான் அந்த ஊரை என் ஊர் என்று நினைத்திருப்பேன்.

எங்கள் பஸ்ஸில் அப்படி ஒருவர் தனியாக அழ முடியாது. போன வருடம் ஓர் அம்மாவுக்குத் துக்கச் செய்தி போனில் வந்தது. அவர் கேட்டது, சொன்னது எல்லாம் முழு பஸ்ஸுக்கும் கேட்டது. அடுத்த நிமிடம், அவரை அதுவரை பார்த்தேயிராத இரண்டு பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்து உட்காரவைத்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். டிரைவர் நிறுத்தமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினார். ஒரு பெரியவர் கூடவே இறங்கி, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார். இந்த மனசு எந்த நாட்டின் இயக்கத்தாலும் அபராதத்தாலும் வராது. நான் ஊர் திரும்பியது இதற்காகத்தான்.

இவ்வளவு மனசு இருக்கிற ஊரில், நிறைமாதக்காரப் பெண் எப்படி 12 கிலோமீட்டர் நின்றுகொண்டு வந்தார்? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. பதில் ஓர் அலுவலகத்தில் கிடைத்தது.

சான்றிதழ் ஒன்றுக்காகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் 11 பேர். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். ‘நீங்க யாரு மகன்?’ என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். ‘அடடா, சார்கிட்ட நான் படிச்சவன்யா! வாங்க, உள்ள வாங்க’ என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். நாற்காலி போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். என் அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவர் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அரைமணி நேரத்தில் வேலை முடிந்து வெளியே வந்தேன். அந்த 11 பேரும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. ‘தெரிஞ்சவங்க போல’ என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

தெரிஞ்சவங்க. எங்கள் ஊர்களின் மொத்த மரியாதையும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. தெரிந்தவருக்கு நாங்கள் செய்வதுபோல் யாரும் செய்ய மாட்டார்கள். பையை வாங்கிக்கொள்வோம், இருக்கையை விட்டு எழுவோம், டீக்குக் காசு கொடுக்க விடமாட்டோம். அழுகிறவரைப் பார்த்தால் அழுகை எங்களுக்குத் தெரிந்த ஒன்று, அதனால் அவரும் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். தேர் வடத்தில் நிற்கிறவர் ஆண்டாளின் ஆள், அவரும் தெரிந்தவர். சும்மா நிற்கிற, அழாத, பெயர் தெரியாத ஒருவருக்கு மட்டும் எங்களிடம் இடமில்லை. அவருடைய உறவுமுறை என்ன என்று தெரியும்வரை அவர் கண்ணில் படவே மாட்டார்.

ராஜபாளையம் நாயைப் பற்றி உலகத்துக்குத் தெரியும். வெள்ளை வெளேரென்ற உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் அதற்கும் ஓர் இடம் கிடைத்தது. வளர்த்தவருக்கு உயிரைக் கொடுக்கும். அயலாரை வாசலுக்கு அண்ட விடாது. காவலுக்கு அதைவிடச் சிறந்த குணம் வேறென்ன வேண்டும்? வாசலில் கட்டியிருக்கும்வரை அது பெரிய குணம்தான். அதே குணத்தை மனிதர்கள் பஸ்ஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் என் கவலை.

இந்த ஊரின் பழைய கதையோ வேறு விதமானது. ராஜபாளையம் என்ற பெயரே, விஜயநகரக் காலத்தில் தெலுங்கு நாட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறிய ராஜுக்களால் வந்த பெயர். அவர்கள் வீட்டில் இன்றைக்கும் தெலுங்கு பேசுகிறார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் பெயரிலேயே ஓர் ஊர் நிலைத்து நிற்கிறது என்றால், அன்றைக்கு இங்கே இருந்தவர்கள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்திருக்க வேண்டும்! அந்த ஊரில் பிறந்த பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். 1954-இல் ஒடிசாவுக்கு ஆளுநராகப் போனார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிச்சத்தம் ஓய்வதில்லை. அங்கே நெய்கிற மருத்துவக் கட்டுத்துணி எங்கெங்கோ போகிறது. யார் காயத்தைக் கட்டப்போகிறோம் என்று அந்த நெசவாளிக்குத் தெரியாது. தெரியாதவருக்காகத்தான் அவர் இழுத்து இழுத்து நெய்கிறார்.

அந்த ஒடிசாவிலிருந்து இப்போது பையன்கள் எங்கள் ஊர் மில்லுக்கு வேலைக்கு வருகிறார்கள். ஒடிசா மட்டுமில்லை, பீகார், ஜார்க்கண்ட் எல்லாம்தான். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நாங்கள் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ‘வடக்கன்.’ சிங்கப்பூரில் எங்களுக்கும் அப்படி ஒரு பொதுப்பெயர் இருந்தது. அது காதில் விழும்போதெல்லாம் எனக்கு எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் உள்ளே திரும்பியது. நான் எப்படியோ பின்பக்கம் மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். இருபது வயது இருக்கும், ஒரு பையன் கீழே ஓடிவந்தான். மில் பையன்தான். காதோரம் பஞ்சுத்தூசி. எங்கள் ஆட்களைப் போலவே எக்கி, எங்கள் ஆட்களைப் போலவே கம்பிக்கு நடுவில் கையை நுழைத்து, எனக்கு முன் இருக்கையில் சிவப்புத் துண்டு ஒன்றைப் போட்டான். வந்த ஊரின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டான். நான் சிங்கப்பூரில் அம்புக்குறியைக் கற்றுக்கொண்டதுபோல.

நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முன்படியில் ஏறி வந்தார். சலவைச் சட்டை, கையில் கோயில் தட்டு வைத்த பை. துண்டைப் பார்த்தார். ஜன்னல் வழியே கீழே பார்த்தார். பையன் அப்போதுதான் படிக்கு ஓடிக்கொண்டிருந்தான். அவர் இரண்டு விரலால் துண்டின் நுனியைப் பிடித்துத் தூக்கி, கம்பியில் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பஸ்ஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பையன் வந்தான். இருக்கையைப் பார்த்தான். கம்பியில் தொங்குகிற துண்டைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

துண்டுக்கு மரியாதை கொடுக்கிற ஊர் என்று இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதினேன். அதைத் திருத்தி எழுத வேண்டும். துண்டுக்கும் நாங்கள் மரியாதை கொடுக்கவில்லை. அது யார் துண்டு என்று பார்த்துத்தான் கொடுத்திருக்கிறோம்.

அந்த நிறைமாதக்காரப் பெண் நின்றபோது நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாரம் இன்னும் என்மேல் இருக்கிறது. இந்தத் தடவை பேசினேன். ‘அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ என்று என் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் நகர்ந்தார். கடைசியில் இருந்தவரும் நகர்ந்து பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்தார். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். ‘தம்பி, வாப்பா, இங்க உக்காரு’ என்றேன்.

அவன் என்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு வந்து ஒடுங்கி உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி அவனிடம், ‘எந்த ஊருப்பா?’ என்றார். ‘ஒடிசா’ என்றான். ‘ஒடிசால எங்க?’ என்றார் அவர். பையன் சொன்ன பெயர் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அவர் அடுத்ததாக, ‘அம்மா அப்பால்லாம் இருக்காங்களா? கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?’ என்று கேட்டார். அவன் உடைந்த தமிழில் சொல்ல ஆரம்பித்தான். தங்கைக்குத் தையில் கல்யாணம். மறுநாள் ஊருக்கு ரயில். பால்கோவா வாங்கத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறான். முன் இருக்கைக்காரர் முகம் பாதி திரும்பியிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு முழுவதும் திரும்பி, ‘ரோட்டோரம் வாங்காத தம்பி, சன்னதி பக்கம் போய் வாங்கு. சூடா இருந்தா மூடியத் தெறந்து ஆறவிட்டு அடைக்கச் சொல்லு. இல்லன்னா நீ ஊர் போறதுக்குள்ள கெட்டுப்போகும்’ என்றார்.

அவர் எழுந்து இடம் கொடுக்கவில்லை. ஆனால் தம்பி என்று சொல்லிவிட்டார். இறங்கும்போது பையனுக்கு முதலில் வழிவிட்டு நின்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துசேரும்வரை மூன்று பேர் இருக்கையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து வந்தோம். இப்படித் தள்ளி உட்காருவதில் எங்கள் ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. இந்தப் புகழில் வஞ்சம் ஏதுமில்லை.